தில்லிப் பல்கலைக்கழகம்: முதலாமாண்டு மாணவரின் நட்பைத் தீர்மானிக்கும் வாடகை

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டுக்கான வகுப்புகள் ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கின. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுதி, பொது இட ஒதுக்கீட்டு இணையதளத்தில் பாடத்தையும் கல்லூரியையும் வரிசைப்படுத்தி, கட்டணம் செலுத்தி இடத்தை உறுதிசெய்துகொண்ட வெளிமாநில மாணவருக்கு, அதன் பிறகுதான் முக்கியமான ஒரு கேள்வி எழுகிறது. எங்கே தங்குவது?

இந்தக் கேள்விக்கு அந்த இணையதளத்தில் விடை இல்லை. கல்லூரி இடமும் விடுதி இடமும் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. சேர்க்கை முடிந்த பின், விடுதி வைத்திருக்கும் கல்லூரிகள் தனித்தனியே விண்ணப்பம் கோரி, தனித்தனியே பட்டியல் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 ஆயிரம் இளநிலை இடங்கள் நிரப்பப்படுகின்றன. 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஏறத்தாழ 20 கல்லூரிகளில்தான் விடுதி உண்டு. அவற்றிலும் முதலாமாண்டினருக்குக் கிடைப்பவை சில பத்து இடங்களே. பல கல்லூரிகளில் அந்த இடத்தையும் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் அடிப்படையில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சியவர்களுக்கு 'பிஜி' எனப்படும் தனியார் தங்குமிடங்களே வழி. வடக்கு வளாகத்தைச் சுற்றியுள்ள கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர் ஆகிய பகுதிகளிலும், தெற்கு வளாகத்தை ஒட்டிய சத்ய நிகேதனிலும் இவை நெருக்கமாக அமைந்துள்ளன. விடுதிப் பற்றாக்குறை குறித்த செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெளிவருகின்றன. அவை பெரும்பாலும் வாடகைத் தொகையோடு நின்றுவிடுகின்றன. முதலாமாண்டில் ஒருவர் யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார், யாரோடு உண்கிறார், யாரோடு நட்புக் கொள்கிறார் என்பதையும் அதே வாடகைதான் தீர்மானிக்கிறது என்பது போதிய கவனம் பெறவில்லை.

'பிஜி' என்பது 'பேயிங் கெஸ்ட்' என்பதன் சுருக்கம். செய்தி மொழிபெயர்ப்பில் இச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் தயக்கம் எழுவதுண்டு. 'கட்டணம் செலுத்தும் விருந்தினர்' என்று எழுதினால் வாசகருக்கு நகைப்பு வரும். காசு வாங்கிக்கொண்டு விருந்தோம்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆயினும் 'விருந்து' என்ற தமிழ்ச் சொல்லின் பழைய பொருள் 'புதுமை' என்பதே. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். அந்தப் பொருளில் முதலாமாண்டு மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சட்டத்தின் பார்வையில்தான் இந்தச் சொல் அவருக்குப் பாதகமாக முடிகிறது.

விருந்தினர் வேறு, வாடகைதாரர் வேறு. இத்தகைய தங்குமிடங்களில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் பலவும் குத்தகை ஒப்பந்தங்களாக இல்லாமல், தங்குவதற்கான அனுமதியாகவே எழுதப்படுகின்றன. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, இவ்வாறு அனுமதி பெற்றவருக்கு அந்த இடத்தின்மீது எவ்வித உரிமையும் ஏற்படுவதில்லை. காலவரையறை பெரும்பாலும் 11 மாதங்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது நாடெங்கும் உள்ள வழக்கம்.

சரி, வாடகைதாரர் என்றே வைத்துக்கொண்டாலும் தில்லியில் பாதுகாப்பு உண்டா? 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்குப் பொருந்தாது. அந்தத் தொகைக்குள் வளாகத்துக்கு அருகே இன்று ஒரு கட்டில்கூடக் கிடைப்பது அரிது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 1995-ல் நிறைவேற்றிய தில்லி வாடகைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வரவில்லை. இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அது காத்துக் கிடக்கிறது. முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று கூறும் 2021-ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டமோ, பெயருக்கேற்ப மாநிலங்கள் பின்பற்றுவதற்கான ஒரு மாதிரிதான்.

ஒப்பீட்டுக்கு ஒன்றைக் குறிப்பிடலாம். தமிழ்நாட்டில் மகளிருக்கான தனியார் விடுதிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2014-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வரி விவகாரத்திலும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு தீர்ப்பு முன்னே வந்தது. மாணவர்களும் பணிபுரியும் பெண்களும் தங்கும் விடுதிகள் குடியிருப்பாகவே கருதப்பட வேண்டும், அவற்றின் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் 22-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், கல்வி நிலைய வளாகத்துக்கு வெளியே உள்ள தங்குமிடங்களில் தொடர்ந்து 90 நாள்களுக்குக் குறையாமல் தங்குபவருக்கு, தலைக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. தில்லி மாணவர்களுக்கும் இது பொருந்தும். வரி சேர்த்துப் பணம் கேட்கும் உரிமையாளரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

இனி நட்புக்கு வருவோம்.

பக்கத்தில் இருப்பவரோடுதான் மனிதர் முதலில் பழகுகிறார் என்பது பாட்டி சொல்லும் செய்தியே. அதை அளந்து காட்டியவர்கள் லியோன் ஃபெஸ்டிங்கர் தலைமையிலான அமெரிக்க உளவியலாளர்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பான வெஸ்ட்கேட்டில் அவர்கள் நடத்திய ஆய்வு 1950-ல் நூலாக வெளிவந்தது. நண்பர் யார் என்பதைப் பெரிதும் முடிவு செய்தவை கதவுகளுக்கு இடையிலான தொலைவும் மாடிப்படி அமைந்திருந்த இடமும் என்று அது கண்டறிந்தது. அடுத்த வீட்டுக்காரர் நண்பராகும் வாய்ப்பு, அதே தளத்தின் கோடியில் இருப்பவருக்கு உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

இதைக் கமலா நகரில் பொருத்திப் பாருங்கள். குளிர்சாதன வசதியுள்ள இருவர் அறைக்கு ஒரு விலை, மூவர் அறைக்கு ஒரு விலை, சாளரமற்ற பின்பக்க அறைக்கு ஒரு விலை. ஒரே அறைக்குள் வந்து சேர்கிறவர்களின் பெற்றோர் ஏறத்தாழ ஒரே அளவு செலவிட வல்லவர்களாக இருக்கிறார்கள். வளாகத்திலிருந்து விலக விலக வாடகை குறைகிறது. பயண நேரம் கூடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் நடைபெறும் நாடகக் குழு ஒத்திகையிலும் விவாத மன்றத் தேர்விலும் வளாகத்துக்கு அருகே தங்குபவர் கலந்துகொள்கிறார். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்ய வேண்டியவர் 4 மணிக்கே கிளம்பிவிடுகிறார். கல்லூரிக் குழுக்களுக்கான தேர்வுகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் முடிந்துவிடுபவை. அவற்றைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நட்பு வட்டங்கள் உருவாகிவிடுகின்றன.

பெண்களுக்கு இதில் இன்னொரு பூட்டும் உண்டு. இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு கல்லூரி விடுதிகளிலும் உள்ளது, தனியார் தங்குமிடங்களிலும் உள்ளது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியருக்கு மட்டும் பாரபட்சமான விதிகளைத் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த பணிக்குழு 2013-லேயே 'சக்ஷம்' அறிக்கையில் கூறிவிட்டது. 2015-ல் தில்லியில் உருவான 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் இதே கோரிக்கையை வீதிக்குக் கொண்டுவந்தது. கூண்டை உடை என்பது அந்தப் பெயரின் பொருள். பின்னர் சில கல்லூரி விடுதிகளில் நேரம் தளர்த்தப்பட்டது. தனியார் கட்டடத்தின் இரும்புக் கதவு எப்போது சாத்தப்படும் என்பதைச் சாவி வைத்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். மகளை அனுப்பும் பெற்றோரில் பலர் அந்தக் கதவுக்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கல்லூரி விடுதியில் ஒரு காப்பாளர் ஒரு தாளை எடுத்து, வந்த வரிசையிலோ அகர வரிசையிலோ பெயர்களை எழுதி, அறைகளை ஒதுக்குகிறார். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் செயலுக்கு ஆழமான விளைவு உண்டு. இக்கட்டுரையாளர் மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்புக்காக விடுதியில் சேர்ந்தபோது, வந்த வரிசைப்படி ஒடிசாவைச் சேர்ந்த ஒரு மாணவியோடு அறை கிடைத்தது. முதல் வாரம் இருவருக்கும் பொதுமொழி என்று ஏதும் சரியாக அமையவில்லை. ஒரு கோடைக் காலையில் அவர் நீரூற்றிய சோற்றைப் பெருமையோடு எடுத்துவைத்து 'பகாளா' என்றார். அது நம் வீட்டுப் பழைய சோறு. தேடிப் பிடித்து அமைத்துக்கொண்டிருந்தால் அப்படியோர் அறைத்தோழி வாய்த்திருக்கவே மாட்டார்.

இதற்கு ஆய்வுச் சான்றும் தில்லியிலேயே கிடைக்கிறது. தில்லியின் வசதியான தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு இடமளிக்க வேண்டும் என்ற விதி 2007-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். அவரது கட்டுரை 2019-ல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியானது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகர வரிசைப்படி பிரிக்கப்பட்டிருந்தன. ஏழை மாணவரோடு ஒரே குழுவில் அமர நேர்ந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் ஈகைக் குணத்தோடும், தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது ஏழை மாணவரை ஒதுக்காமலும் நடந்துகொண்டனர். கணிதத்திலும் இந்தியிலும் அவர்களின் மதிப்பெண் பாதிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் சிறிய சரிவு இருந்தது. பள்ளிக் குழந்தைகளிடம் கண்டதைக் கல்லூரி மாணவருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் தற்செயலாக அருகில் அமர்த்தப்படுவதற்கு என்ன ஆற்றல் உண்டு என்பதை அது காட்டுகிறது.

விடுதி இருந்தாலே எல்லாம் நலம் என்று கொள்வதற்கும் இடமில்லை. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பாகுபாடு குறித்து விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007-ல் அளித்த அறிக்கை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதிகளின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கிப்போக நேர்ந்ததைப் பதிவு செய்தது. அறை ஒதுக்கீடு தாளில் பொதுவாகத்தான் இருந்தது. அவமதிப்புத் தாங்காமல் அவர்கள் அறை மாறினார்கள். மும்பை ஐஐடி விடுதி உணவகத்தில் சைவத்துக்கென்று தனி மேசைகள் ஒதுக்கப்பட்டது 2023-ல் சர்ச்சையானதும் இதே கதையின் இன்னொரு பக்கம். ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டால் மட்டும் போதாது. ஒதுக்கியபடி நிலைக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

வெளியே அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி. ராகிங் ஒழிப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆர்.கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி உருவானவை. புதியவர்களை இயன்றவரை தனி விடுதிப் பிரிவில் தங்க வைக்க வேண்டும், சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும், அந்த ஆசிரியர் விடுதிக் காப்பாளரோடு தொடர்பில் இருந்து அறைகளுக்குத் திடீர் வருகை புரிய வேண்டும் என்றெல்லாம் அவை கூறுகின்றன. வளாகத்துக்கு வெளியே நடப்பதும் விதிகளின் வரம்புக்குள் வருகிறது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் அளிக்கலாம். ஆனால் ஏட்டில் உள்ள இந்த ஏற்பாடு முழுவதும், ஒரு காப்பாளர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டது. விஜய் நகரின் மூன்றாவது மாடியில் காப்பாளர் இல்லை. அங்கே ஒரு மாணவர் மூன்று நாள்களாக அறையைவிட்டு வெளியே வரவில்லை என்றால், அதைக் கவனிக்க வேண்டியவர் பக்கத்து அறைக்காரர். அவரும் ஊருக்குப் புதியவர்.

இது வெறும் கற்பனைக் கவலை அன்று. உயர்கல்வி நிலையங்களில் மாணவர் மனநலத்தை ஆராய, ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் அமைத்தது. அவ்வாண்டு ஜூலை 25-ஆம் தேதி வேறொரு வழக்கில் நாடு முழுமைக்குமான இடைக்கால நெறிமுறைகளையும் வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிலையங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கல்லூரிகளுக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. வெளியே தங்கும் மாணவரைப் பொறுத்தவரை, அந்த ஆலோசகரின் அறை மாலையில் பூட்டப்படும் கட்டடத்தில் இருக்கிறது. தனிமை பெரும்பாலும் இரவில்தான் கனக்கிறது.

ஆளில்லாத இந்த இடத்தை ஓரளவு நிரப்புபவை மாநில வாரியான மாணவர் அமைப்புகளும் வாட்ஸ்அப் குழுக்களும். எந்தத் தரகர் ஏமாற்றுவார், எந்த வீட்டில் தண்ணீர் வராது, மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும் செய்திகள். நம்மூர் மாணவருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் முதல் துணை இத்தகைய குழுவே. வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தில்லியில் தாக்கப்பட்டு உயிரிழந்த பின்னரே பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. தில்லி காவல் துறையிலும் வடகிழக்கு மாநிலத்தவருக்கென்று தனிப்பிரிவு உருவானது. வீடு தேடும்போதே முகத்தைப் பார்த்து மறுக்கப்படுபவர்கள் தம் மக்களோடு சேர்ந்து தங்குவதைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை.

இருப்பினும் இதற்கு ஒரு விலை உண்டு. தமிழ் பேசுபவர் தமிழரோடும், மலையாளம் பேசுபவர் மலையாளியோடும், பிகாரிலிருந்து வந்தவர் பிகார் மாணவரோடும் தங்கி முதலாண்டைக் கழித்துவிட்டால், இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர் வரும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததன் பயன் வகுப்பறையோடு முடிந்துவிடுகிறது. முதல் மாதத்துக்கு ஊர்க் குழுவின் துணையை நாடி, அறையைத் தேர்ந்தெடுக்கும்போது வேற்று மாநிலத்தவர் ஒருவரையேனும் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். மொழி தெரியாது என்ற அச்சம் பெரும்பாலும் தீபாவளி வரைதான் நீடிக்கும்.

அறை பார்க்கச் செல்லும் பெற்றோர் படுக்கையையும் குளியலறையையும் சோதிப்பதோடு திரும்பிவிடுகின்றனர். மாடிப்படி ஒன்றா இரண்டா, சாளரத்தில் திறக்க முடியாத கம்பிச்சட்டம் அடிக்கப்பட்டுள்ளதா, மின்சார மீட்டர்கள் நுழைவாயிலில் குவிந்துள்ளனவா என்று பார்ப்பவர் குறைவு. முகர்ஜி நகரில் 2023 செப்டம்பரில் மகளிர் தங்குமிடம் ஒன்றில் தீப்பிடித்து, உள்ளே சிக்கிய மாணவியர் மீட்கப்பட்டது மறந்துபோகக் கூடியது அன்று. முன்பணத்துக்கு ரசீது, எத்தனை நாள் முன்னறிவிப்புடன் காலி செய்யலாம் என்ற வரி, காவல் நிலையச் சரிபார்ப்புப் படிவம் ஆகிய மூன்றும் கைக்கு வரும் முன் பணம் கொடுக்க வேண்டாம். பொதுவில் உட்கார்ந்து உண்ண ஓர் அறை உண்டா என்றும் கேளுங்கள். சாப்பாடு டப்பாவில் கதவுக்கு வெளியே வைக்கப்படும் வீட்டில், எதிர் அறையில் இருப்பவரின் பெயர் தெரியாமலே ஒரு பருவம் ஓடிவிடும்.

விடுதிக்கான போட்டி இனித் தளரும் என்பதற்கான அறிகுறிகள் தென்படவில்லை. புதிய கல்விக் கொள்கையின்படி 2022-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. அதன் முதல் அணி 2025-ல் நான்காம் ஆண்டில் அடியெடுத்து வைத்தது. மூன்றாண்டில் வெளியேறியிருக்கக் கூடியவர்களில் ஒரு பகுதியினர் இன்னோர் ஆண்டு தங்குவார்கள். அவர்களுக்கும் அறை வேண்டும். கல்லூரி விடுதியில் அது கிடைத்தால் முதலாமாண்டினருக்கு ஓரிடம் குறையும். வெளியே தேடினால் வாடகை கூடும். விடுதி கட்டுவதற்கு நிலமும் நிதியும் ஆண்டுகளும் தேவை. கல்லூரியில் இடம் உறுதியாகும் நாளிலேயே விடுதி விண்ணப்பத்தையும் ஒரே இணையதளத்தில் பெற்று, காத்திருப்புப் பட்டியலை வெளிப்படையாக வைப்பதற்கு அவை எதுவும் தேவையில்லை. ஐஐடிகளில் படிப்பில் சேர்வதும் விடுதியில் சேர்வதும் ஏறக்குறைய ஒன்றே. விடுதி தர இயலாத கல்லூரிகள், தம் மாணவர்கள் எந்தெந்தத் தெருவில் தங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியலையேனும் வைத்திருந்து, விதிமுறையில் சொல்லப்பட்ட ஆசிரியரை அந்தத் தெருவுக்கு அனுப்பலாம்.

ஆகஸ்ட் மாதத்தில் கையெழுத்தான 11 மாத ஒப்பந்தம் வரும் ஆண்டு ஜூன் இறுதியோடு முடிவடையும். பருவத் தேர்வும் கோடை விடுமுறையும் அதையொட்டி வரும். ஊருக்குச் சென்று திரும்பும்போது அறைக்குப் புதிய விலை சொல்லப்படும். கொடுக்க முடிந்தவர் தொடர்வார். முடியாதவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அப்போது வந்திறங்கும் முதலாமாண்டு மாணவர்களோடு சேர்ந்து மீண்டும் அதே தரகரைத் தேடிச் செல்வார்.